பேராசிரியர் தி. ரா. சேஷாத்திரி

சின்னசேலத்தை அடுத்த கல்வராயன் மலையில், புண்ணுக்குப் பச்சிலை பிழிந்திடுவோரை நாம் அறிவோம். கிருமியைத் தடுத்தது அச்சாற்றிலுள்ள எப்பொருள் என்றறியவோ, அதனைப் பிரித்தல் வேண்டும். அக்கலையில் வல்லவர், 1900-ஆம் ஆண்டு குளித்தலையிற் பிறந்த சேஷாத்திரியார்.

சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற இவர், மான்செஸ்டரில் ராபின்சனிடம் ஆராய்ந்து 1929-இல் டாக்டர் பட்டமெய்தினார். ஆஸ்திரியாவிற் பிரெகலிடம் சில மில்லிகிராம் பொருளையே பகுத்தறியும் நுண்முறையையுங் கற்றார். கூடை இலையினின்றும் கிட்டுவது அத்துணைச் சிறிதாகலின், இக்கல்வியே பெருந்துணையாயிற்றென்பது நம் துணிபு.

வால்டேரில் பூ, இலை, பட்டைகளினின்றும் பிளாவனாய்டு என்னும் நிறப்பொருள்களைப் பிரித்தார். போர்க்காலத்தில் ஆய்வகத்தைப் படையினர் கொள்ளவே, குண்டூருக்கும் சென்னைக்கும் பெயர்ந்தும் பணியை விட்டாரிலர். நம் அடுக்களைக் கற்பாசியின் இனமாகிய லைக்கன்களையும் ஆராய்ந்தார். அவற்றுட் சிலவற்றிலுள்ள உஸ்னிக் அமிலம் பாக்டீரியாக்கள் சிலவற்றின் வளர்ச்சியைத் தடுப்பது.

1949-இல் டில்லிப் பல்கலைக்கழகம் புகுந்தார், 1960-இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1975-இல் மறைந்தார்.