ஹார்ட் சிடி ஸ்கேனுக்குப் பின்னால் ஒரு சென்னை பிசிக்ஸ் பேராசிரியர்: யார் இந்த ஜி.என்.ராமச்சந்திரன்?

ஸ்ரீபெரும்புதூர் - ஒரகடம் பக்கம் நைட் ஷிஃப்ட் முடித்து வரும் ஒருவருக்கு நெஞ்சு வலி என்று வைத்துக்கொள்வோம். இசிஜி பார்த்த டாக்டர், ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கா என்று பார்க்க சிடி ஆஞ்சியோகிராம் எழுதித் தருகிறார். அந்த மெஷின் எக்ஸ்ரேவைப் படமாக மாற்றும் கணக்கில் ஒரு தமிழருக்குப் பங்கு உண்டு. ஆனால் அவர் டாக்டர் இல்லை.

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8-ல் எர்ணாகுளத்தில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா கணிதப் பேராசிரியர். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் படிக்கப் போனவரை, சர் சி.வி.ராமன் இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் ஒரு டாக்டர் பட்டம்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவர் தேவைப்பட்டபோது, துணைவேந்தர் ஏ.எல்.முதலியார் அழைத்தது ராமனைத்தான். ராமன் கைகாட்டியது தன் சீடரை. அப்போது ராமச்சந்திரனுக்கு 30 வயதுகூட ஆகவில்லை. அழைத்த முதலியாரோ மகப்பேறு மருத்துவர்!

தோலுக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜன் புரதத்தின் அமைப்பு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். ராமச்சந்திரனுக்கு அது போதும். தோல், எலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர், இதய வால்வு என எல்லாவற்றையும் தாங்கி நிற்பது கொலாஜன். தோல் பதனிடுவதே கொலாஜனைக் கெட்டிப்படுத்தும் வேலைதான். அதற்கென்றே இருந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டியில் இருந்த அவர் துறைக்குப் பக்கத்திலேயே அடையாறில் இருந்தது. அங்கிருந்து உதவி கிடைத்தது. கங்காரு வாலின் தசைநாணைக்கூட எக்ஸ்ரேயில் வைத்துப் பார்த்தார்கள்.

1954-ல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து விடை சொன்னார்: மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிய கயிறு. பூ தொடுப்பவர்களுக்குப் புரியும் சமாச்சாரம்.

பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் சில அணுக்கள் ரொம்ப நெருக்கமாக இருப்பதாகக் குறை சொன்னார்கள். அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று அலசப்போய்க் கிடைத்ததுதான், 1963-ல் ராமகிருஷ்ணன், சசிசேகரனுடன் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்'. புரத ஆய்வில் இன்றும் அதுதான் முதல் சோதனை.

இன்னொரு விஷயம். பன்றி, மாட்டுத் திசுவில் செய்யும் செயற்கை இதய வால்வுகளை குளுட்டரால்டிஹைடில் ஊறவைப்பார்கள். தோல் பதனிடவும் பயன்படும் ரசாயனம் அது. இரண்டு இடத்திலும் அது கட்டிப்போடுவது கொலாஜனைத்தான்.

சிடி ஸ்கேனுக்கு எப்படி வந்தார்?

பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரேக்களை அப்படியே ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டால் படம் மங்கலாகிவிடும். சரிசெய்யப் பெரிய கணக்கு தேவை, அன்றைய கம்ப்யூட்டருக்கு அது பெரும் சுமை. 1971-ல் ராமச்சந்திரனும் ஏ.வி.லட்சுமிநாராயணனும் சுருக்கமான வழி சொன்னார்கள்: ஒவ்வொரு எக்ஸ்ரேயையும் முதலில் வடிகட்டு, பிறகு அடுக்கு. ரேடியோ வானியலில் பிரேஸ்வெல், ரிடில் இருவரும் 1967-லேயே இதே யோசனையைத் தொட்டிருந்தார்கள். வானத்துக்கும் உடம்புக்கும் ஒரே கணக்கு! பல பத்தாண்டுகள் சிடி மெஷின்கள் ஓடியது இந்த முறையில்தான்.

1979-ல் சிடி ஸ்கேனுக்கான நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் போனது. கருவியைச் செய்தவர் ஹவுன்ஸ்ஃபீல்டு, முதலில் கணக்குப் போட்டவர் கார்மாக், அதில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் கொலாஜனுக்கும் வரைபடத்துக்கும்கூட ராமச்சந்திரனுக்கு நோபல் வரவில்லை என்பதுதான் உறுத்தல்.

1998-ல் மனைவி ராஜலட்சுமி காலமானார். பார்கின்சன் நோயோடு இருந்த ராமச்சந்திரன் 2001 ஏப்ரல் 7-ல் மறைந்தார். இப்போது மருத்துவக் கருவிகளுக்கென்றே ஒரகடத்தில் சிப்காட் பூங்கா வருகிறது. அங்கே யாராவது ஸ்கேன் சாஃப்ட்வேரைத் திறந்து ஃபில்டர் பட்டியலைப் பார்த்தால், 'ராம்-லாக்' என்று ஒரு பெயர் இருக்கும். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன் என்பதன் சுருக்கம் அது.