அனந்தாழ்வானும் தேவிகளும் வளர்த்த நந்தவனம்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

தில்லைத் திருச்சித்ரகூடத்தில் கோவிந்தராஜப் பெருமாளைச் சேவித்து வெளியே வருகிறவர்களுக்குக் கீழத்திருப்பதியில் அதே திருநாமத்தோடு சயனித்தருளும் பெருமாளின் நினைவு வருவது இயல்பு. தில்லையில் இடையூறு நேர்ந்த காலத்தில் உத்ஸவமூர்த்தியைத் திருப்பதிக்கு எழுந்தருளப் பண்ணியதும், எம்பெருமானார் அங்கே ஸந்நிதி அமைத்ததும் பூர்வர்கள் வாயிலாக நாம் கேட்டுவரும் வரலாறு. பின்னர் 1539-இல், விஜயநகரத்து அச்சுத தேவராயர் காலத்தில், தில்லையில் பெருமாள் மீண்டும் ப்ரதிஷ்டை செய்யப்பட்டார்.

எங்கள் கடலூர் ஜில்லாவுக்கும் திருமலைக்கும் உள்ள உறவு இதனோடு முடியவில்லை. சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர் சென்றால் வீராணம் ஏரியை ஒட்டிய காட்டுமன்னார்கோயில். பழைய பெயர் வீரநாராயணபுரம். நாதமுனிகள் அவதரித்த ஊர் இது. அவருடைய திருப்பேரனார் ஆளவந்தார். ஆளவந்தாரின் சிஷ்யரான பெரிய திருமலை நம்பி திருவேங்கடமுடையானுக்குத் தீர்த்த கைங்கர்யம் செய்துகொண்டு மலையிலேயே வாழ்ந்தார். அவருடைய மருமகனார் எம்பெருமானார். இப்படி வீராணத்தின் கரையிலிருந்து மலையேறிய பரம்பரையிலே, நம்பி தீர்த்தம் சுமந்தார் என்றால், புஷ்பம் சுமக்கும் கைங்கர்யம் அனந்தாழ்வானுக்கு வாய்த்தது. அந்தக் கைங்கர்யத்தை அவர் தனியே செய்யவில்லை. தேவிகளோடு சேர்ந்து செய்தார். சேர்ந்து செய்ததனாலேயே இருவருக்கும் நடுவில் ஒரு கருத்து வேற்றுமையும் எழுந்தது. அந்த வேற்றுமையை முன்னிட்டு ஸ்வாமியின் சரித்திரத்தைச் சிறிது அனுபவிப்போம்.

அனந்தாழ்வான் அவதரித்தது மைசூர்ப் பகுதியில் உள்ள கிரங்கனூரில், சித்திரை மாதத்துச் சித்திரை நக்ஷத்திரத்தில். எம்பெருமானாரின் ஞான வைபவத்தைக் கேள்வியுற்று, எச்சான், தொண்டனூர் நம்பி, மருதூர் நம்பி ஆகியோரோடு திருவரங்கம் வந்து அவர் திருவடிகளை ஆச்ரயிக்க வேண்டி நின்றார். எம்பெருமானாரோ அவர்களை அருளாளப்பெருமாள் எம்பெருமானாரிடம் அனுப்பினார். முன்பு யஜ்ஞமூர்த்தி என்ற பெயரில் பதினெட்டு நாள் வாதம் செய்து, பிறகு எம்பெருமானார் திருவடிகளை அடைந்து, ஞானஸாரமும் ப்ரமேயஸாரமும் அருளிச்செய்தவர் அவரே. சிறு குருவியின் தலையில் பனங்காயை வைத்தாற்போல் ஆயிற்றே என்று அவர் தயங்கினாராம். உடையவர் நியமனம் என்பதனால் இசைந்து, தமக்கும் அவர்களுக்கும் எம்பெருமானார் திருவடிகளே தஞ்சம் என்று உபதேசித்தாராம். ஆசார்யன் காட்டிய இடத்தில் நிற்பதே சிஷ்யனுக்கு அழகு என்பதை அனந்தாழ்வான் தொடக்கத்திலேயே கற்றுக்கொண்டார்.

ஒருநாள் திருவரங்கத்தில் எம்பெருமானார் திருவாய்மொழி காலக்ஷேபம் ஸாதித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் பத்தின் மூன்றாம் திருவாய்மொழி. இடைவிடாமல், எல்லா இடத்திலும், எல்லாவிதமான அடிமையும் செய்ய வேண்டும் என்று ஆழ்வார் திருவேங்கடமுடையானிடம் ஆசைப்படும் பதிகம். அங்கே வானவரும் வந்து மலர் தூவுகிறார்கள் என்று ஆழ்வார் பேசியதை விளக்கும்போது உடையவரின் திருக்கண்கள் பனித்தன. புஷ்பமண்டபம் என்றே பெயர் பெற்ற அம்மலையில், எம்பெருமானுக்கு நந்தவனம் வளர்த்து மாலை கட்டி ஸமர்ப்பிக்க இந்த கோஷ்டியில் யாரேனும் உண்டோ என்று கேட்டார். அக்காலத்துத் திருமலையோ கடுங்குளிரும் அடர்காடும் கொடிய விலங்குகளும் உள்ள இடம். அரங்கன் ஸந்நிதியையும் ஆசார்யனையும் விட்டுப் போகவும் யாருக்கும் மனம் வரவில்லை. கோஷ்டி மௌனமாயிருந்தது. அனந்தாழ்வான் ஒருவர் எழுந்து, தேவரீர் நியமித்தால் அடியேன் போகிறேன் என்று விண்ணப்பித்தார். நீரன்றோ ஆண்பிள்ளை என்று உடையவர் தழுவிக்கொண்டார். அந்த விருது அவர் திருநாமத்தோடே நிலைத்தது.

தேவிகளோடு மலையேறினார். காட்டைத் திருத்திப் பாத்தி அமைத்தார். ஆசார்யன் திருநாமத்தையே நந்தவனத்துக்கு இட்டார். செடிக்கு நீர் வேண்டும். ஆகவே ஏரி வெட்டத் துணிந்தார். கூலியாள் வைக்கவில்லை. ஸ்வாமி கடப்பாரையால் நிலத்தைப் பெயர்த்துக் கூடையில் மண்ணை நிரப்புவார். தேவிகள் அதைத் தலையில் சுமந்து சென்று தூரத்தில் கொட்டிவிட்டு வருவார். தேவிகள் அப்போது திருவயிறு வாய்த்திருந்த காலம்.

மேலே நடந்ததாக நம் பெரியோர் சொல்லும் ஐதிஹ்யம் எல்லோரும் அறிந்ததே. பன்னிரண்டு வயது மதிக்கத்தக்க ஒரு பாலகன் வந்து, தானும் மண் சுமப்பதாகச் சொன்னான். இது ஆசார்யன் எங்களுக்கு இட்ட பணி, பிறர் கைபடக் கூடாது என்று ஸ்வாமி மறுத்துவிட்டார். பாலகன் போய்விடவில்லை. வழியின் திருப்பத்தில், ஸ்வாமியின் பார்வைக்கு எட்டாத இடத்தில் நின்றுகொண்டு, தேவிகளிடம் கூடையைக் கேட்டான். தேவிகள் கொடுத்தார். அவன் பாதி வழியில் வாங்கிக் கொட்டிவிட்டு வெறுங்கூடையைத் திருப்பித் தருவான். சுமையோடு போனவர் இத்தனை விரைவில் திரும்புவது எப்படி என்று ஸ்வாமிக்கு ஐயம் எழுந்தது. விசாரித்தார், தெரிந்துகொண்டார். கோபம் கொண்டு பாலகனைத் துரத்தினார். கையிலிருந்த கடப்பாரையை வீசினார். அது மோவாயில் பட்டு ரத்தம் பெருகப் பாலகன் கோயிலுக்குள் ஓடி மறைந்தான். ஸந்நிதியில் அர்ச்சகர்கள் கண்டது திருவேங்கடமுடையானின் திருமோவாயில் வழிந்த ரத்தத்தை. ஸ்வாமி பதறிச் சென்று விழுந்து கதறினார். பச்சைக்கர்ப்பூரத்தை அந்த இடத்தில் அப்பினார்.

இந்த ஐதிஹ்யத்தைச் சொல்லும்போது நாம் ஸ்வாமியின் உறுதியையும் எம்பெருமானின் எளிமையையும் பேசி நிறுத்திவிடுகிறோம். நடுவிலே நின்ற தேவிகளைப் பற்றிப் பேசுவது குறைவு. ஆனால் வழக்கு முதலில் எழுந்தது தம்பதிகளுக்கு இடையில்தானே? நந்தவனம் ஒன்று, ஏரி ஒன்று, ஆசார்ய நியமனம் ஒன்று. அதை நடத்தும் முறையில் இருவருக்கும் இரண்டு கொள்கை.

ஸ்வாமியின் பக்கத்தைப் பார்ப்போம். கோஷ்டி முழுதும் மௌனமாயிருந்தபோது எழுந்து நின்று ஏற்றுக்கொண்ட பணி இது. ஒரு கூடை மண்ணைப் பிறருக்கு விட்டுக்கொடுத்தாலும், கொடுத்த வாக்கில் ஒரு கூடை குறைகிறது. இளைய பெருமாள் காட்டுக்குப் புறப்படும்போது எல்லா அடிமையும் நானே செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தாரே, அந்த நிலை இது. அடிமை செய்யாமல் தரிக்கமாட்டாத நிலை. இதைச் சேஷத்வம் என்பார்கள். அநந்தன் என்ற திருநாமத்தை உடையவருக்கு இளைய பெருமாளின் குணம் அமைந்ததில் வியப்பில்லை.

தேவிகளின் பக்கம் என்ன? உடல் தளர்ந்த வேளையில் உதவி வந்தது, வாங்கிக்கொண்டார் என்று மட்டும் கொண்டால் அது குறைவான பொருள். ஒரு குழந்தை ஆசையோடு வந்து கைநீட்டுகிறது. கைங்கர்யத்தில் பங்கு கேட்கிற ஒருவனை இது எங்களுடையது என்று விலக்க அந்தத் திருவுள்ளம் இசையவில்லை என்று கொள்வதே பொருந்தும். ஸ்ரீபரதாழ்வானும் பெருமாளோடு காட்டிலிருந்து அடிமை செய்யவே விரும்பினார். பெருமாளின் திருவுள்ளம் வேறாக இருந்தபோது பாதுகைகளைத் தலையில் தாங்கித் திரும்பினார். செய்யச் சொன்னால் செய்வது, விடச் சொன்னால் விடுவது. இதைப் பாரதந்த்ர்யம் என்பார்கள். கூடையைக் கேட்டவன் இன்னான் என்று அறியாமலே, கேட்டவனுக்குக் கொடுத்தார் தேவிகள்.

ஆக, தம்பதிகளின் அந்தச் சிறு பிணக்கு நம் ஸம்ப்ரதாயத்தின் இரு பெரிய குணங்களுக்கு இடையே எழுந்தது. தீர்ப்புச் சொன்னவன் யார்? கூடையை வாங்கியவனே. தேவிகளின் சுமையைத் தான் சுமந்ததனால் அவருடைய கொள்கையைத் திருவுள்ளம் பற்றினான். ஸ்வாமி எறிந்த கடப்பாரையின் வடுவை ஏற்றுக்கொண்டதனால் அவருடைய உறுதியையும் ஆபரணமாகக் கொண்டான். ஒருவரையும் தோற்கடிக்கவில்லை.

ஆனாலும் ஸ்வாமிக்கு ஒரு பாடம் மீதியிருந்தது போலும். நந்தவனம் பூத்துக் குலுங்கிய பிறகு, இரவுதோறும் யாரோ வந்து பூக்களைப் பறித்துக் கலைத்துவிட்டுப் போனார்கள். ஸ்வாமி ஒளிந்திருந்து பார்த்தார். ராஜகுமாரனும் ராஜகுமாரியும் போன்ற இருவர். பிடிக்கப் போனபோது குமாரன் நழுவி, கோயிலை அப்ரதக்ஷிணமாக, இடமாகச் சுற்றி ஓடி மறைந்தான். அகப்பட்ட பெண்ணைச் சண்பக மரத்தில் கட்டிவைத்தார். விடிந்தபின் ஸந்நிதியில் பிராட்டியைக் காணாமல் எல்லோரும் திகைத்தபோதுதான் கட்டுண்டவள் யார் என்று விளங்கிற்று. அப்போது ஸ்வாமி செய்ததைக் கவனிக்க வேண்டும். பிராட்டியைப் பூக்கூடையில் எழுந்தருளப் பண்ணி, அந்தக் கூடையைத் தம் தலையில் சுமந்து சென்று எம்பெருமானிடம் ஸமர்ப்பித்தார். பெண்ணை அழைத்து வந்து கொடுத்ததனால் எம்பெருமானுக்கு மாமனார் ஸ்தானம் பெற்றார். அன்று தேவிகளின் தலையில் இருந்தது கூடை. இன்று ஸ்வாமியின் தலையில். தோட்டம் யாருக்காகவோ அவர்கள் வந்து பறித்தால் அது திருட்டு ஆகாது என்பதும் அன்று தெளிவாயிற்று.

அதன்பின் ஸ்வாமியின் வாழ்வில் காணும் முதிர்ச்சி அழகானது. நந்தவனத்தில் பாம்பு தீண்டியபோது அவர் வைத்தியம் தேடவில்லை. தீண்டிய பாம்பு வலியதானால் விரஜையில் நீராடி வைகுண்டநாதனைச் சேவிப்போம். தீண்டப்பட்ட பாம்பு வலியதானால் புஷ்கரிணியில் நீராடித் திருவேங்கடமுடையானைச் சேவிப்போம் என்று இருந்துவிட்டார். ஒருமுறை பயணத்தில் கட்டுச்சோற்றை அவிழ்த்தபோது எறும்புகள் இருக்கக் கண்டார். இம்மலையில் ஏதேனும் ஒன்றாய்ப் பிறக்க வேண்டுமென்று குலசேகரப் பெருமாள் ஆசைப்பட்டாரே, அப்படிப் பிறந்த பேறு பெற்றவர்களைப் பிரித்துவிட்டோமே என்று வருந்தி, திரும்பி நடந்து மலையில் கொண்டுவிட்டாராம். பாலகனைத் துரத்தியவரே எறும்புக்காகப் பயணத்தை மாற்றினார்.

ஸ்ரீவைஷ்ணவ லக்ஷணம் யாது என்று பராசர பட்டரிடம் ஒருவர் கேட்க, பட்டர் அவரை அனந்தாழ்வானிடம் அனுப்பிய வரலாறும் உண்டு. ததீயாராதனப் பந்தியிலிருந்து பலமுறை எழுப்பப்பட்டும் முகம் கோணாமலிருந்த அவரிடம், ஆறு மாதம் கழித்து ஸ்வாமி சொன்னது: கொக்கைப் போல், கோழியைப் போல், உப்பைப் போல், உம்மைப் போல் இருக்க வேண்டும். கொக்கு உரிய இரைக்காகக் காத்திருக்கும். கோழி குப்பையிலும் மணியைப் பொறுக்கும். உப்போ தன்னை மறைத்துக்கொண்டு உணவுக்குச் சுவை தரும். உப்பைச் சொன்னபோது ஸ்வாமியின் திருவுள்ளத்தில் யார் தோன்றினாரோ நாம் அறியோம். அடியேனுக்கு மண்கூடை சுமந்த அம்மையாரின் நினைவு வருகிறது. அவரை இன்றும் பெரும்பாலும் தேவிகள் என்ற அளவிலேயே குறிப்பிடுகிறோம். ஏரியோ ஸ்வாமியின் திருநாமத்தால் வழங்குகிறது.

இன்றைக்கும் திருமலையில் மகாத்வாரத்துக்குள் நுழைகையில் வலப்புறச் சுவரில் அந்தக் கடப்பாரையைச் சேவிக்கலாம். எம்பெருமானின் திருமோவாயில் பச்சைக்கர்ப்பூரம் சாற்றுவது நித்தியம் நடக்கிறது. ப்ரஹ்மோத்ஸவம் முடிந்த மறுநாள் மலையப்ப ஸ்வாமி உபயநாச்சிமாரோடு அப்ரதக்ஷிணமாக அந்த நந்தவனத்துக்கு எழுந்தருள்கிறார். பாக் ஸவாரி என்று அதற்குப் பெயர். திருவாடிப்பூரத்தன்றும் அங்கே எழுந்தருளி, அனந்தாழ்வானாகவே கொண்டாடப்படும் மகிழமரத்துக்கு மாலையும் ஸ்ரீசடகோபமும் ஸாதிக்கிறார்.

கடைசியாக, சொல்லாமல் விட மனம் ஒப்பாத ஒன்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் எங்கள் கடலூர்க் கொல்லையில் இருந்த மரங்களைச் சாய்த்துவிட்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அந்த இடத்தில் துளசியும் நந்தியாவட்டையும் வைத்து, திருவஹீந்திரபுரம் தேவநாதனுக்கு ஸமர்ப்பித்து வருகிறோம். அண்டை வீட்டுக் குழந்தை ஒன்று தானும் பறிப்பேன் என்று வருகிறது. மொட்டு முறியும், ஆசாரம் கெடும் என்று அடியேன் கடிந்துகொள்வேன். இல்லாள் கேட்பதில்லை, கைகால் கழுவச் சொல்லிச் சிறிய கூடை ஒன்றைக் கொடுத்துவிடுவாள். இதன்பொருட்டு எங்களுக்குள் சில நாள் பேச்சும் நின்றதுண்டு. இந்தச் சரித்திரத்தை எழுதத் தொடங்கியபோது அடியேன் ஸ்வாமியின் பக்கம் நிற்பதாகவே எண்ணியிருந்தேன். ஆனால் அவருக்கு இருந்த உறுதியில் ஓர் அணுவும் இல்லாமல், கோபத்தை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது எழுதி முடிக்கும்போது தெரிகிறது.

குழந்தை நாளைக் காலையும் வரும். சிறிய கூடையை அடியேனே எடுத்துத் திண்ணையில் வைத்திருக்கிறேன்.

அனந்தாழ்வான் திருவடிகளே சரணம்.
எம்பெருமானார் திருவடிகளே சரணம்.