உயிரணுவின் நாணயத்தைக் கண்டவர்: எல்லாப்பிரகட சுப்பாராவ்

பெனிசிலினைத் தந்த பிளெமிங்கை அறியாத மாணவர் இல்லை. எல்லாப்பிரகட சுப்பாராவை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? உயிர்வேதியியல் படிக்கும் நான் அவரைப் பற்றி இங்கு எழுத நினைத்ததற்கு இக்கேள்வியே காரணம்.

1895 ஜனவரி 12இல், அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்த தெலுங்கர் அவர். இருமுறை தவறிய மெட்ரிக்குலேஷன் தேர்வில் மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்துத் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில், காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதர் உடுத்தினார். அறுவை மருத்துவப் பேராசிரியருக்கு அது பொறுக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்திற்குப் பதிலாக, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது.

1920களின் தொடக்கத்தில் மனைவியைப் பிரிந்து பாஸ்டனுக்குப் போனவர், தாயகம் திரும்பவே இல்லை. மருத்துவமனையில் இரவு வேலை செய்து வயிற்றைக் கழுவினார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, 1925இல் பாஸ்பரஸை அளக்கும் முறையை வகுத்தார். 1929இல் தசையிலும் கல்லீரலிலும் உள்ள பாஸ்பரஸ் சேர்மங்களைப் பற்றி இருவரும் எழுதிய கட்டுரையில் ஏ.டி.பி. இடம்பெற்றது. அதே ஆண்டு ஜெர்மனியின் கார்ல் லோமனும் அதைத் தனியே கண்டறிந்தார்.

ஏ.டி.பி. உயிரணுவின் நாணயம். எந்த வேலைக்கும் அதுவே கூலி. நாம் உண்ணும் மாவும் சீனியும் தேவைக்கு மிஞ்சினால், கல்லீரல் முதலில் அதைக் கிளைக்கோஜனாகச் சேமிக்கிறது. அதற்கும் மேல் மிஞ்சுவது கொழுப்பாகிறது. அசெட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்னும் நொதி ஏ.டி.பி.யைச் செலவிட்டு மலோனைல் கோ-ஏயை உண்டாக்குகிறது. கொழுப்பு அமில சிந்தேஸ் என்னும் நொதி அவற்றைக் கோத்து, 16 கார்பன் கொண்ட பால்மிட்டிக் அமிலமாக்குகிறது. அப்படி ஒன்றை உருவாக்க மலோனைல் கோ-ஏ ஏழு வேண்டும். அதற்கு ஏழு ஏ.டி.பி. செலவு. அதே மலோனைல் கோ-ஏ, பழைய கொழுப்பு எரிக்கப்படுவதையும் தடுக்கிறது. வரவுக்குக் கதவு திறந்து, செலவுக்குக் கதவு அடைபடுகிறது!

இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காதபோது நிலைமை மோசமாகிறது. கல்லீரல் சர்க்கரையை இரத்தத்தில் கொட்டுவதை நிறுத்துவதில்லை. கொழுப்பு செய்வதையும் நிறுத்துவதில்லை. பீடோரில் என் உறவினர் வீடுகளில் இனிப்புநீர் மாத்திரை இல்லாத அலமாரியைக் காண்பது அரிது. அவர்களுள் சிலருக்குக் கல்லீரல் கொழுப்பும் உண்டு. இரண்டும் தனித்தனி நோய்கள் என்றே வீட்டில் பேசிக்கொள்வார்கள். ஒரே பட்டறையில் நடக்கும் இரு வேலைகள் அவை என்பதை இந்த நொதிகளே எனக்கு விளக்கின.

இத்தனை செய்தும் ஹார்வர்டு சுப்பாராவுக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940இல் லெடர்லே ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாக உருவாக்கப்பட்டது. புற்றுநோய் மருந்தான மெத்தோட்ரெக்சேட்டும் பிறந்தது. 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில் மறைந்தார். நோபல் பரிசு அவரைத் தேடி வரவில்லை.

தேர்வில் தவறியவர், பட்டம் மறுக்கப்பட்டவர், பதவி மறுக்கப்பட்டவர். ஆயினும் இவ்வரிகளைப் படிக்கும் இந்நொடியிலும், உங்கள் கல்லீரல் அவர் கண்ட நாணயத்தைச் செலவிட்டுக்கொண்டிருக்கிறது. அடுத்த குவளைத் தே தாரிக்கில் சீனியைக் குறைத்துக் கேளுங்கள், நண்பர்களே. அவர் பெயரையும் அப்போது ஒருமுறை சொல்லுங்கள்.