பாட்டை 'நடத்தாத' வாத்தியார்: குற்றாலம் டி.கே.சி. என்ன செய்தார்?

குற்றாலம்னா அருவி, சாரல் சீசன். ஆனா 70, 80 வருஷத்துக்கு முன்னாடி ராஜாஜி, கல்கி போன்றவர்கள் அங்கே போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது: 'ரசிகமணி' டி.கே.சிதம்பரநாத முதலியார் வீடு.

யார் இவர்? 1882-ல் பிறந்தவர். படித்தது சட்டம். சென்னை மாகாண சட்ட மேலவையில் உறுப்பினர், பிறகு அறநிலைய வாரிய ஆணையர். எந்தப் பள்ளியிலும் தமிழாசிரியராக இருந்து பேர் வாங்கியவர் இல்லை. ஆனாலும் தமிழ் வகுப்பு எப்படி இருக்கணும் என்பதற்கு இவரைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இவர் வீட்டு முற்றத்தில் கூடிய கூட்டத்துக்கு 'வட்டத்தொட்டி' என்று பெயர். வக்கீல், வியாபாரி, பேராசிரியர் எல்லோரும் ஒன்றாக உட்காருவார்கள். டி.கே.சி. கம்பர் பாட்டு ஒன்றை எடுப்பார். பதவுரை, இலக்கணக் குறிப்பு எதுவும் முதலில் வராது. சீர்களைப் பொருள் புரிகிற மாதிரி பிரித்து, நிறுத்தி, திரும்பத் திரும்பச் சொல்வார். மூன்றாவது, நான்காவது தடவையில் கேட்கிறவருக்கே பாட்டு பிடிபட்டுவிடும். விளக்கம் அதுக்கப்புறம்தான்.

அனுபவம் வழியாகத்தான் கற்றல் நடக்கிறது என்றார் அமெரிக்காவின் ஜான் டூயி. கூடிப் பேசும்போதுதான் அறிவு வளர்கிறது என்றார் ரஷ்யாவின் வைகாட்ஸ்கி. இன்றைக்கு பி.எட். மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிற இந்தக் கோட்பாடுகள் அந்த முற்றத்தில் பெயர் சொல்லாமலே நடந்துகொண்டிருந்தன. பாடங்களைத் தமிழிலேயே கற்பிக்க வேண்டும் என்று அவர் வாதாடியதும் இதனால்தான். புரியாத மொழியில் அனுபவம் எங்கிருந்து வரும்?

சிக்கலும் இருந்தது. கம்பராமாயணத்தின் 10,000-க்கும் மேற்பட்ட பாடல்களில் பெரும்பகுதியை இடைச்செருகல் என்று ஒதுக்கினார். பல பாடல்களைத் திருத்தவும் செய்தார். அளவுகோல், அவருடைய ரசனை. ஏட்டுச்சுவடி ஆதாரம் எங்கே என்று புலவர்கள் கோபப்பட்டார்கள். கோபம் நியாயம்தான். அனுபவமே பாடம் என்றால் யாருடைய அனுபவம்? மாணவனுடையதா, வாத்தியாருடையதா? டி.கே.சி.யிடம் இதற்குச் சரியான பதில் இல்லை.

மகன் தீபனை இளம் வயதிலேயே பறிகொடுத்தார். அதன் பிறகும் குற்றாலத்தில் விருந்தும் பாட்டும் நிற்கவில்லை. 1954 பிப்ரவரி 16-ல் அங்கேயே காலமானார்.

தென்காசியிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்கூட இருக்காது. வழியில் இருக்கிற பள்ளிகளிலும் கம்பர் பாட்டு மனப்பாடப் பகுதிதான், அடி பிறழாமல் எழுதினால் மார்க். அதை ஒருமுறை சத்தமாக, நிறுத்தி வாசித்துக் காட்ட ஐந்து நிமிஷம் போதும்.