ஏழை நோயாளிகளுக்கு வீடு கொடுத்த ரோஸ் அம்மையார்

1890-ம் ஆண்டுகளில் நியூயார்க் நகரத்தில் ஏழைகளுக்குப் புற்று நோய் வந்தால், அவர்கள் பாடு பெரும்பாடு!

நோய் தீராது என்று டாக்டர்கள் முடிவு செய்துவிட்டால், ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பி விடுவார்கள். வீடு என்பது காற்று வராத ஓர் அறை. புண்ணைக் கழுவிக் கட்ட ஆள் கிடையாது. புற்று நோய் ஒட்டுவாரொட்டி என்று அன்று பலரும் நம்பினார்கள். சொந்தக்காரர்களே கிட்டே வரப் பயந்தார்கள். வலி பொறுக்காமல் மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், தீராத நோய்க்கு அங்கே படுக்கை இல்லை.

மிச்சம் இருந்தது பிளாக்வெல் தீவு ஒன்றுதான். ஆற்றின் நடுவே உள்ள தீவு. நகரத்தின் சிறைச்சாலையும், கதியற்றவர்களை அடைக்கும் ஏழை விடுதியும் அங்கேதான் இருந்தன.

கைப்பணம் தீர்ந்துபோன ஒரு தையல்காரப் பெண்ணை அந்தத் தீவுக்கு அனுப்பிய செய்தி, ரோஸ் அம்மையாரின் காதுக்கு எட்டியது. அவரால் அதை மறக்க முடியவில்லை.

எழுத்தாளரின் மகள்

ரோஸ் பிறந்தது 1851-ல். தந்தை, புகழ் பெற்ற அமெரிக்க நாவலாசிரியர் நதானியேல் ஹாதார்ன். செல்லமாக வளர்ந்த கடைசிப் பெண். பதின்மூன்றாவது பிறந்த நாளுக்கு முந்தின நாள் தந்தை இறந்தார். இருபது வயதுக்குள் தாயும் போய்விட்டார்.

ஜார்ஜ் லாத்ராப் என்ற எழுத்தாளரை மணந்தார். ஒரே மகன் பிரான்சிஸ், 1881-ல் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தான். வயது நான்கு! கணவர் குடிக்கு அடிமையானார். 1895-ல் ரோஸ் அவரை விட்டுப் பிரிந்தார். அவருடைய தோழி, கவிஞர் எம்மா லாசரஸ் அதற்கு முன்பே கொடிய நோயால் இறந்திருந்தார். அவருக்குப் பணம் இருந்தது. கவனிக்க ஆட்கள் இருந்தார்கள். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

அறையிலே ஓர் ஆஸ்பத்திரி

1896-ல் ரோஸ் நியூயார்க் புற்று நோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்து மூன்று மாதம் நர்சு வேலை பழகினார். வயது 45. பிறகு ஏழைகள் நெருக்கியடித்து வாழும் பகுதியில் வாடகைக்கு அறை பிடித்தார். ஆஸ்பத்திரி அனுப்பி விட்டவர்களின் வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அங்கே பழக்கமான வயதான நோயாளி ஒருவரையும் தீராது என்று வெளியே அனுப்பினார்கள். ரோஸ் அந்த அம்மாளைத் தம் அறைக்கே கூட்டி வந்து வைத்துக்கொண்டார்.

ஓவியம் பயின்ற ஆலிஸ் ஹூபர் என்ற இளம் பெண் துணைக்கு வந்தார். 1899-ல் செர்ரி தெருவில் ஒரு வீடு வாங்கினார்கள். நோயாளியிடமும் உறவினரிடமும் காசு வாங்குவதில்லை என்பது சட்டம். செலவுக்கு? ரோஸ் பேனாவை எடுத்தார். பத்திரிகைகளுக்கு எழுதி உதவி கேட்டார். தந்தையின் பெயர் நல்ல சமயத்தில் கை கொடுத்தது என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்தாளர் மார்க் ட்வெய்னும் பணம் கொடுத்தார்.

கணவர் 1898-ல் இறந்தார். 1900-ல் ரோஸ் கன்னியாஸ்திரீ ஆகி, மேரி அல்போன்சா என்று பெயர் பெற்றார். மறு ஆண்டு, நகரத்துக்கு வடக்கே ஒரு குன்றில் பெரிய இல்லம் கிடைத்தது. அந்த ஊருக்கு இன்று ஹாதார்ன் என்றே பெயர். அந்த இல்லத்தில் இன்றும் நோயாளிகளிடம் கட்டணம் இல்லை.

அது பழைய மரக் கட்டிடம். தீப்பிடித்தால், எழுந்து நடக்க முடியாதவர்கள் கதி என்ன என்ற கவலை அம்மையாருக்கு. புதுக் கட்டிடத்துக்கு நிதி திரட்டிக் கொண்டிருந்தபோதே, 1926 ஜூலை 9-ந் தேதி, தூக்கத்தில் உயிர் பிரிந்தது.