பாலம் சமைத்த பேரறிஞர் ராபர்ட் மயார்

விடுமுறையில் ஊர் செல்லும்போது நாம் எத்தனையோ பாலங்களைக் கடக்கிறோம். ஆயினும், அவற்றைச் சமைத்தவர் யாவர் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. காங்கிரீட்டு வளைவுப் பாலங்களுக்குப் புதுவடிவம் தந்த ராபர்ட் மயார் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

இவர் 1872ஆம் ஆண்டு ஸ்விட்ஜர்லாந்தின் பெர்ன் நகரில் பிறந்தார். ஜூரிச்சில் பொறியியல் பயின்று 1894இல் பட்டம் பெற்றார். அந்நகராட்சியில் பணிபுரிந்தபோது, ஸீல் ஆற்றின்மீது 1899இல் முடிவுற்ற ஸ்டாஃபாகர் பாலத்தை வகுத்தளித்தார். அதன் வளைவு காங்கிரீட்டால் ஆயது. இரு அடிகளிலும் உச்சியிலுமாக மூன்று கீல்கள் உண்டு. வெயிலில் விரிந்தும் குளிரில் சுருங்கியும் வளைவு சிறிதே அசைய அவை இடந்தரும். ஆனால் காங்கிரீட்டு கண்ணுக்கு இனிதன்று எனக் கருதிய காலம் அது. ஆகவே பாலத்தின் முகப்பைக் கல்லால் மூடிவிட்டனர்.

இன் ஆற்றின்மீது ஜூவோஸ் என்னும் ஊரில் 1901இல் கட்டிய பாலத்தில், வளைவு, பக்கச்சுவர், மேல்தளம் மூன்றையும் ஒரே பெட்டிபோல் இணைத்தார். இரண்டே ஆண்டுகளில் கரையோரச் சுவர்களில் விரிசல் கண்டது. மயார் மனந்தளர்ந்தாரில்லை. விரிசலுற்ற பகுதி பாரம் தாங்கவில்லை. அஃது அங்கே வேண்டுவதும் இல்லை எனத் தெளிந்தார். 1905இல் ரைன் ஆற்றின்மீது தவனாஸாவில் கட்டிய பாலத்தில் அப்பகுதியையே நீக்கினார். பாலம் இலேசாயிற்று, அழகும் கூடிற்று.

பின்னர்த் தொழிலின் பொருட்டு ருஷ்யா சென்ற அவரை, 1914இல் மூண்ட பெரும்போர் அங்கேயே நிறுத்திவிட்டது. 1916இல் மனைவியார் மறைந்தார். அடுத்த ஆண்டுப் புரட்சியில் ஈட்டிய பொருள் யாவும் போயிற்று. மூன்று மக்களுடன், கடனாளியாய்த் தாயகம் திரும்பியபோது அவர் வயது நாற்பதைக் கடந்திருந்தது. ஆயினும் ஜினீவாவில் தொழிலைப் புதிதாகத் தொடங்கினார்.

1927இல் மலைச்சரிவு தவனாஸாப் பாலத்தை அழித்தது. அவ்வடிவமோ அழியவில்லை. 90 மீட்டர் அகலமுள்ள பள்ளத்தாக்கை ஒரே வளைவால் தாவும் ஸால்ஜினாடோபல் பாலமாக 1930இல் அது மீண்டும் எழுந்தது. போட்டிக்கு வந்த திட்டங்களுள் செலவிற் குறைந்ததும் அதுவே. கல் மூடாத வெறுங் காங்கிரீட்டே அதன் அழகாயிற்று.

மயார் 1940இல் ஜினீவாவில் காலமானார். 1991இல் அமெரிக்கப் பொறியியலார் சங்கம் ஸால்ஜினாடோபல் பாலத்தை உலகின் வரலாற்றுச் சின்னங்களுள் ஒன்றாக ஏற்றுப் போற்றியது.

நடுவயதில் யாவும் இழந்தும், கற்ற கல்வி ஒன்றையே முதலாகக்கொண்டு மீண்டெழுந்தார் இவர். பிழைப்பை நாடி ஊர்விட்டு வந்து வாழும் நாம், இவ்வரலாற்றை நம் மக்களுக்கு எடுத்துரைப்போமாக.