தரையில் பறந்த நீலப் பெட்டி

சைக்கிள் பழகுகிறவன் தவறு செய்தால் முழங்கால் சிராய்க்கும். கார் பழகுகிறவன் தவறு செய்தால் யார் வீட்டுச் சுவராவது இடியும். விமானம் பழகுகிறவன் தவறு செய்தால்? அவனுடைய பாடம் அன்றோடு முடிந்துவிடும். ஆளும் முடிந்துவிடுவான்!

விமானம் தோன்றிய காலத்தில் நிலைமை இப்படித்தான் இருந்தது. தரையை விட்டு ஓர் அங்குலம்கூட எழும்பாமல், ஆயிரம் தவறு செய்து, விமானம் ஓட்டப் பழகலாம் என்று செய்து காட்டியவர் ஓர் அமெரிக்கர். அவர் பெரிய விஞ்ஞானி அல்ல. இசைப் பெட்டி செய்கிறவரின் மகன். பெயர், எட்வின் லிங்க்.

இன்று எத்தனையோ பையன்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கையில் ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு, போர் விமானம் ஓட்டி விளையாடுகிறார்கள். எதிரியைத் துரத்துகிறார்கள். குட்டிக்கரணம் போடுகிறார்கள். தரையில் மோதிச் சிதறினாலும் சிரித்துக்கொண்டே மறுபடி தொடங்குகிறார்கள். அந்த விளையாட்டுக்குப் பாட்டனார், லிங்க் செய்த பெட்டிதான்.

துருத்தியோடு வளர்ந்த பிள்ளை

எட்வின் லிங்க் 1904-ம் ஆண்டு ஜுலை 26-ந்தேதி, அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அவருக்கு 6 வயதானபோது குடும்பம் நியூயார்க் மாகாணத்தில் உள்ள பிங்காம்டன் நகரில் குடியேறியது. நொடித்துப்போன ஓர் இசைக்கருவிக் கம்பெனியைத் தகப்பனார் விலைக்கு வாங்கி நடத்தினார். தானாகவே வாசிக்கும் பியானோக்களும், ஆர்கன்களும் அங்கே தயாராயின.

ஆர்கன் என்பது மாதா கோவில்களில் வாசிக்கும் பெரிய வாத்தியம். ஆர்மோனியத்துக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். துருத்தி காற்று ஊதும், குழாய்கள் பாடும். அது ஊமைப் படக் காலம். படம் ஓடும்போது பக்கத்தில் ஆர்கன் வாசிப்பார்கள். ஆகவே சினிமாக் கொட்டகைகளில் இருந்தும் நிறைய ஆர்டர் வந்தது.

பையனுக்குத் துருத்தியும் குழாயும் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் மனம் மட்டும் ஆகாயத்தில் இருந்தது.

1920-ம் ஆண்டு, 16 வயதில், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் முதல் விமானப் பாடத்துக்குப் பணம் கட்டினார். அந்த விமான நிலையத்தை நடத்தியவர் சிட்னி சாப்ளின். சிரிப்பு நடிகர் சார்லி சாப்ளினின் அண்ணன். ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் 50 டாலர். அந்தக் காலத்தில் அது கொள்ளைப் பணம்.

ஆசிரியர் விமானத்தைக் கிளப்பினார். மேலே கொண்டுபோய்ச் சுழற்றினார். தலைகீழாகக் கவிழ்த்தார். கீழே இருந்த கட்டிடங்களை உரசுவதுபோல் பறந்தார். பிறகு இறக்கிவிட்டார். அவ்வளவுதான் பாடம்! அந்த ஒரு மணி நேரமும் பையன் பிடியைத் தொடக்கூட இல்லை.

லிங்குக்கு வயிறு எரிந்தது. 50 டாலர் போயிற்று. கற்றுக்கொண்டது ஒன்றுமில்லை. கற்றுக்கொடுக்க இதுவா வழி என்ற எண்ணம் அன்று அவர் மனதில் விழுந்தது. ஆனாலும் பறக்கும் ஆசை விடவில்லை. மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். பிறகு செஸ்னா விமானம் ஒன்றைச் சொந்தமாக வாங்கினார்.

பாதாள அறையில் ஒன்றரை வருடம்

தரையிலேயே பழக்க வேண்டும் என்ற யோசனை அதற்கு முன்பும் சிலருக்கு வந்ததுண்டு. பிரான்சு தேசத்தில் சுமார் 1910-ம் ஆண்டில், பீப்பாயை இரண்டாகப் பிளந்து ஒன்றின் மேல் ஒன்றை வைத்து, அதன் மேல் மாணவனை உட்கார வைத்தார்கள். ஆட்கள் நின்றுகொண்டு பீப்பாயைக் கையால் சாய்ப்பார்கள். மாணவன் அதை நிமிர்த்தப் பழகவேண்டும். இறக்கையை வெட்டிக் குறைத்த விமானங்களும் இருந்தன. தரையில் ஓடும், எழும்பாது. பறக்காத பறவையான பெங்குவினின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

லிங்க் வேறு வழியில் போனார். தகப்பனாரின் தொழிற்சாலையில், பூமிக்கு அடியில் இருந்த அறையில் உட்கார்ந்து, சுமார் ஒன்றரை வருடம் வேலை செய்தார். விமானத்தின் உடலைப்போல் ஒரு சிறு மரப்பெட்டி செய்தார். பெயருக்குக் குட்டை இறக்கையும் வாலும் வைத்தார். அடியில் நான்கு ஆர்கன் துருத்திகளை வைத்தார். எலெக்ட்ரிக் பம்பு காற்றை உறிஞ்சும். மாணவன் பிடியை இடது பக்கம் தள்ளினால் ஒரு பக்கத்துத் துருத்தி சுருங்கும். மறுபக்கத்துத் துருத்தி விரியும். பெட்டி இடது பக்கம் சாயும். பிடியை இழுத்தால் மூக்கு தூக்கும். காலால் மிதித்தால் பெட்டி வட்டமாகத் திரும்பும்.

பாட்டுப் பாடிய துருத்தி விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்தது!

1929-ம் ஆண்டு காப்புரிமைக்கு விண்ணப்பம் போட்டார். 1931-ல் கிடைத்தது. அதில் விமானம் பழகுவோருக்கான சாதனம் என்று மட்டும் எழுதவில்லை. பொழுதுபோக்குச் சாதனம் என்றும் சேர்த்தே எழுதினார். எதற்கும் இருக்கட்டும் என்று நினைத்தார் போலும்.

நினைத்தது சரியாய்ப் போயிற்று. விமானப் பள்ளிக்கூடங்கள் அந்தப் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ராட்டினம் சுற்றும் கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. காசு போட்டுவிட்டுக் குழந்தைகள் ஏறி ஆடினார்கள். இதற்குள் பேசும் படம் வந்து, கொட்டகை ஆர்கன் வியாபாரமும் படுத்துவிட்டது. அமெரிக்கா முழுவதும் பணமுடை வேறு.

லிங்க் சளைக்கவில்லை. பிங்காம்டனில் சொந்தமாகவே ஒரு விமானப் பள்ளிக்கூடம் திறந்தார். தன் சகோதரர் ஜார்ஜைப் பெட்டியில் உட்கார வைத்து 6 மணி நேரம் பழக்கினார். அதன் பிறகு நிஜ விமானத்தில் 42 நிமிடம் மட்டுமே பாடம். உடனே ஜார்ஜ் தனியாக விமானத்தை ஓட்டி இறக்கினார். அப்போதும் உலகம் நம்பவில்லை. இரவில் விளம்பர விளக்குகள் எரியும் விமானத்தை ஓட்டி லிங்க் வயிறு வளர்த்தார். 1931-ல் மரியன் கிளேட்டன் என்ற பெண்ணை மணந்தார். பத்திரிகையில் எழுதியவர் அவர். கணவருடைய தொழிலில் கடைசிவரை கூடவே நின்றார்.

மேகத்துக்குள் உடம்பு சொல்லும் பொய்

விமானிகளைக் கொன்றது எது? பெரும்பாலும் மேகமும் பனிமூட்டமும்தான்.

குழந்தைகள் தட்டாமாலை சுற்றி விளையாடுவார்கள். நின்ற பிறகும் உலகம் சுற்றுவதுபோல் இருக்கும். இதற்குக் காரணம் காதுக்குள்ளே இருக்கும் திரவம். நாம் நின்றாலும் அது உடனே நிற்பதில்லை. மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கும் இதே கதிதான். பூமி தெரியாது, வானம் தெரியாது. விமானம் சாய்ந்து திரும்பிக்கொண்டே இருக்கும். உடம்போ, நேராகப் போகிறோம் என்று சொல்லும். அதை நம்பியவன் சுழன்று சுழன்று தரையில் விழுவான்.

அப்போது நம்பவேண்டியது எதிரே இருக்கும் முட்களை மட்டுமே. உயரம் காட்டும் முள், வேகம் காட்டும் முள், திசை காட்டும் முள், சாய்வு காட்டும் முள். தன் உடம்பு சொல்வதைத் தள்ளிவிட்டுக் கடிகார முள்ளை நம்புவது லேசான காரியமா? பழகினால்தான் வரும். அதை ஆகாயத்தில் பழகுவது ஆபத்து. லிங்க் தன் பெட்டிக்குள் இந்த முட்களை எல்லாம் வைத்தார். மேலே ஒரு மூடி போட்டார். மூடியைச் சாத்தினால் உள்ளே மேகத்தின் நடுவே இருப்பதுபோல்தான்.

வெளியே ஒரு மேஜை. அங்கே ஆசிரியர். மாணவனின் காதில் பொருத்திய கருவி மூலம் பேசுவார். மேஜை மீது விரித்த படத்தின் மேல் மூன்று சக்கரமுள்ள சிறு கருவி மையால் கோடு போட்டுக்கொண்டே நகரும். மாணவன் போகிற பாதை அது. அந்தக் கருவிக்கு நண்டு என்று செல்லப்பெயர். மூடியைத் திறந்து வெளியே வந்தவன், தான் எந்த மலையில் மோதியிருப்பான் என்பதைப் படத்திலே பார்த்துக்கொள்ளலாம்.

சில மாணவர்கள் உள்ளே இருக்கும்போது தரையில் இருப்பதையே மறந்துவிடுவார்களாம். பெட்ரோல் தீர்ந்துவிட்டது என்று ஆசிரியர் சொன்னதும், ஒருவன் மூடியைத் திறந்து வெளியே குதித்துக் கணுக்காலை முறித்துக்கொண்டான் என்று ஒரு கதை உண்டு.

பனிமூட்டத்தில் வந்த மனிதர்

1934-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட், விமானத் தபால் எடுத்துச் செல்லும் தனியார் கம்பெனிகளின் ஒப்பந்தங்களை ரத்து செய்தார். ஒப்பந்தங்களில் ஊழல் என்று புகார். தபாலை இனி ராணுவ விமானங்கள் கொண்டு போகட்டும் என்று உத்தரவு பிறந்தது. கடும் குளிர்காலம். திறந்த விமானங்கள். முட்களைப் பார்த்து ஓட்டும் பழக்கம் ராணுவ விமானிகளுக்கு அதிகம் இல்லை. ஒருவர் பின் ஒருவராக மாண்டார்கள். சில மாதங்களுக்குள் 12 பேர் இறந்தனர். எல்லாம் வாலிபர்கள். பத்திரிகைகள் கொதித்தன.

அந்தக் குளிர்காலத்தில் ராணுவ அதிகாரிகள் லிங்கைப் பார்க்க நூவர்க் விமான நிலையத்துக்கு வந்தார்கள். ஒரே பனிமூட்டம். எதிரே நிற்கும் ஆள் தெரியவில்லை. இந்த மூட்டத்தில் எவனும் வரமாட்டான் என்று அதிகாரிகள் புறப்படத் தயாரானார்கள். அப்போது இரைச்சல் கேட்டது. ஒரு விமானம் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. உள்ளே இருந்து லிங்க் இறங்கி வந்தார்!

அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பெட்டி ஒன்று 3,500 டாலர் வீதம் 6 பெட்டிகளுக்கு ராணுவம் ஆர்டர் கொடுத்தது. கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகள் ஏறிய பெட்டி ராணுவத்துக்குள் நுழைந்தது. அடுத்த ஆண்டே ஜப்பான் கடற்படையும் வாங்கிக்கொண்டது. பின்னால் யார் யாரோடு மோதப்போகிறார்கள் என்பது அப்போது யாருக்குத் தெரியும்?

45 நிமிடத்துக்கு ஒன்று

இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. கலப்பை பிடித்த கைகளும் பேனா பிடித்த கைகளும் விமானம் ஓட்ட வந்தன. லிங்க் கம்பெனி இரவு பகலாக வேலை செய்தது. 45 நிமிடத்துக்கு ஒரு பெட்டி வீதம் வெளியே வந்தது. நீல உடல், மஞ்சள் இறக்கை. நீலப் பெட்டி என்றே சிப்பாய்கள் அழைத்தார்கள். யுத்தம் முடிவதற்குள் சுமார் 10,000 பெட்டிகள் தயாராயின. 5 லட்சத்துக்கும் அதிகமான விமானிகள் அவற்றில் பழகினார்கள்.

சண்டை போட வந்த இளைஞர்களுக்கு முதலில் பெட்டியைக் கண்டால் எரிச்சல்தான். எதிரியைச் சுடக் கற்றுக்கொடுக்காமல், நேராகப் போ, மெல்லத் திரும்பு என்கிறார்களே என்று முணுமுணுத்தார்கள். ஆனால் கணக்கு வேறு மாதிரி இருந்தது. அந்த யுத்த காலத்தில், எதிரியின் முகத்தையே பார்க்காமல், அமெரிக்காவுக்குள்ளேயே விமான விபத்துகளில் இறந்த அமெரிக்க விமானப் படையினர் சுமார் 15,000 பேர். பழகும்போதே போன உயிர்கள் இதில் ஏராளம். நீலப் பெட்டி இல்லாதிருந்தால் அந்தத் தொகை எங்கே போய் நின்றிருக்குமோ!

நட்சத்திரம் பார்த்து வழி அறியப் பழகுவதற்கென்றே 45 அடி உயரக் கூண்டு ஒன்றையும் லிங்க் செய்து கொடுத்தார். கூண்டின் உச்சியில் செயற்கை நட்சத்திரங்கள் நகரும். பிற்காலத்தில் சந்திரனுக்குப் போன அப்பல்லோ வீரர்கள் பூமியில் பழகிய கருவிகளும் லிங்க் பெயர் தாங்கிய நிறுவனம் செய்தவையே. ஆனால் அதற்கு முன்பே, 1954-ல், அவர் கம்பெனியை விற்றுவிட்டார்.

கடலுக்கு அடியில்

ஆகாயம் அலுத்துவிட்டதோ என்னவோ, லிங்கின் பார்வை கடலுக்கு அடியில் திரும்பியது. மனைவியோடு கப்பலில் சுற்றினார். ஜமைக்கா தீவில் 1692-ம் ஆண்டு பூகம்பத்தில் கடலுக்குள் போன போர்ட் ராயல் நகரை 1959-ல் ஆராய்ந்தார். அங்கே கிடைத்த சட்டைப்பைக் கடியாரத்தின் முட்கள் 11 மணி 43 நிமிடத்தில் நின்றிருந்தது தெரிய வந்தது. 1962-ல், தன் 58-வது வயதில், தானே வடிவமைத்த அலுமினியக் கூண்டுக்குள் இருந்து 60 அடி ஆழத்தில் 8 மணி நேரம் தங்கினார். பிறரை இறக்கும் முன் தான் இறங்கிப் பார்ப்பது அவர் வழக்கம்.

பிறகு, முன்பக்கம் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் உருண்டையும், பின்பக்கம் அலுமினிய அறையும் கொண்ட சிறு நீர்மூழ்கி ஒன்றை உருவாக்கினார்.

1973-ம் ஆண்டு ஜுன் 17-ந்தேதி, புளோரிடா கடலில், அந்த நீர்மூழ்கி நான்கு பேரோடு இறங்கியது. பின் அறையில் இருந்த இருவரில் ஒருவர் கிளேட்டன். வயது 31. லிங்கின் மகன்! மீன்கள் தங்குவதற்காக மூழ்கடிக்கப்பட்டிருந்த ஒரு பழைய போர்க்கப்பலின் கம்பிகளில் நீர்மூழ்கி சிக்கிக்கொண்டது. மேலே லிங்கின் கப்பல் நின்றது. மீட்கப் போனவர்களால் நெருங்க முடியவில்லை. மணிக்கணக்காகப் போராட்டம். அலுமினிய அறை கடல் குளிரை உள்ளே விட்டது. மூச்சில் வரும் நச்சுக்காற்றை உறிஞ்சும் மருந்து அந்தக் குளிரில் சரியாக வேலை செய்யவில்லை. மறுநாள் நீர்மூழ்கியை இழுத்து மேலே கொண்டு வந்தார்கள். முன் உருண்டையில் இருந்த இருவர் பிழைத்தார்கள். பின் அறையில் இருந்த இருவரும் இறந்துவிட்டார்கள்.

ஆயிரமாயிரம் தாய்மாரின் பிள்ளைகளைக் காப்பாற்றியவர் தன் பிள்ளையை இழந்தார்.

லிங்குக்கு அப்போது 68 வயது. அவர் வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. ஆழத்தில் சிக்கிய நீர்மூழ்கியைத் தேடிப் போய், காமிராவினால் பார்த்து, சிக்கிய கம்பியை வெட்டிவிடும் ஒரு கருவியை உருவாக்கினார். அது கயிற்றில் கட்டிக் கடலுக்குள் இறக்குவது. அதற்குள் ஆள் யாரும் உட்கார வேண்டியதில்லை.

1981-ம் ஆண்டு செப்டம்பர் 7-ந்தேதி பிங்காம்டனில் லிங்க் காலமானார். அவருக்கு வயது 77. அந்த ஊர் விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள்.